உதடு படாத எழுத்துகள்

வடிவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினெட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதை இன்று எழுதிவிடுகிறேன். போன வாரம் மாப்பிள்ளையின் இன்லண்டு கடிதம் வந்தது. வருகிற விஜயதசமியன்று உங்கள் மகளுக்கு எழுத்தறிவிக்கப் போவதாகவும், நான் அறந்தாங்கிக்கு வந்து குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைக்க வேண்டும் என்றும் மரியாதையாக எழுதியிருந்தார். ஓரத்தில் நீ இரண்டு வரி சேர்த்திருந்தாய். "எனக்கும் நீங்கள்தானே பிடித்து எழுதவைத்தீர்கள். அவளுக்கும் உங்கள் கைதான் வேண்டும்." மாப்பிள்ளையின் வரிகளை ஒரு முறை படித்தேன். உன் வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் வரப்போவதில்லை. அன்று தாம்பாளத்து அரிசியில் உன் விரலைப் பிடித்து நான் எழுதியது 'அ' இல்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது. நினைவிருக்க வாய்ப்பில்லை. அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து சொன்னால்தான் மற்றது விளங்கும். புதுக்கோட்டை சமஸ்தானத்து மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தப் பிரிவில் என்னைவிட அதிகம் படித்தவன் ஒருவனும் இல்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம் கிடையாது. ஒருமுறை கல்வெட்டுகளை மசி தடவிப் படியெடுக்கப் போனவர்களோடு என்னையும் குடுமியான்மலைக்கு அனுப்பினார்கள். அங்கே பாறையில் ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். எழுத்தைப் படித்துவிடலாம். ஆனால் அதை வெட்டியவன் காலத்தில் எப்படிப் பாடினார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல ஆள் இல்லை. எழுத்து கல்லாக நிற்கிறது, ஓசை போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. பார்த்த மாத்திரத்தில் வாயை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிவிடும் எழுத்து ஒன்று இருந்தால் ஆயிரம் வருஷம் கழித்தும் ஓசை சாகாது. அப்படி ஓர் எழுத்தை உண்டாக்க வேண்டும், அதற்கென்று ஒரு மொழியையும் உண்டாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறு வருஷம் அதில் கழிந்தது.

இருபத்தேழு எழுத்து. ஏழு உயிர், பத்தொன்பது மெய், ஒரு மௌனம். பக்கவாட்டில் பார்த்தால் நாக்கு எப்படி வளைந்திருக்குமோ அந்த வளைவுதான் எழுத்தின் உடல். நாக்கின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு புள்ளி. உயிருக்குப் புள்ளி கிடையாது. நெடிலுக்கு மேலே ஒரு கோடு. தமிழின் பதினெட்டு மெய்யில் ப, ம, வ மூன்றையும் நீக்கிவிட்டு, கிரந்தத்திலிருந்து நான்கைச் சேர்த்தேன். உதட்டைக் குவிக்கும் உயிர்களையும் எடுத்துவிட்டேன். அ, இ, எ, அவற்றின் நெடில்கள், அத்துடன் 'அது' என்று சொல்லும்போது உதடு குவியாமல் கடைசியில் வந்து விழுமே, அந்தக் குறுகிய உகரம். அவ்வளவுதான் உயிர். முதல் விதி, பேசும்போது உதடு ஒன்றோடொன்று படக்கூடாது, குவியவும் கூடாது. அரிசிமணி நுழைகிற அளவுக்குத் திறந்து அப்படியே வைத்திருக்க வேண்டும். உதட்டிலிருந்து வரும் ஓசை பால்குடிக் குழந்தைக்கும் கெஞ்சிப் பிழைப்பவனுக்கும் உரியது என்று அந்த நாளில் எனக்கு ஒரு எண்ணம். அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவன், பேசுவது நான்தானா என்று தெரியாமல் திணற வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இரண்டாவது விதி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி அசையையும் மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்ல வேண்டும். வாக்கியம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். தாளில் எழுதும்போது அது அழகான விதியாக இருந்தது. வாயில் வந்தபோது, யாரோ திடுக்கிட்டு மூச்சிழுப்பது போலக் கேட்டது. மூன்றாவது விதிதான் நம்மைக் கெடுத்தது. கேள்வி கேட்டால் கடைசியில் மௌன எழுத்து வர வேண்டும். தொண்டையை அடைத்து மூச்சை ஒரு கணம் நிறுத்துவது அது. கேள்வி கேட்டவர் விடை வரும்வரை வேறு எதுவும் பேசக்கூடாது. எந்த மொழியிலும் பேசக்கூடாது. விடை சொல்லாமல் போவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உலகத்துக்குக் காட்டவே அந்த விதியை வைத்தேன். என் மனுக்களுக்கு யாரும் பதில் எழுதாத காலம் அது.

நோட்டை எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். அரண்மனை வரை கொண்டுபோகக்கூடியவர். இரண்டு மாதம் மேஜையில் போட்டுவைத்து, அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்துப் புழங்கிவிட்டு, ஒருநாள் எல்லாரும் இருக்கும்போது கூப்பிட்டார். "உக்காருங்க. முழுசாப் படிச்சேன். ரெண்டு பேரு பேசுனாத்தான் ஐயா அது பாஷை. ஒத்தை ஆளு பேசுனா அதுக்குப் பேரு பொலம்பல். சம்சாரத்துக்காச்சும் சொல்லிக்குடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார். பிரிவே சிரித்தது. தண்ணீர் வைக்க வந்த பியூன்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் எனக்கு வரிசையாகத் தெரியும். கொஞ்ச நாளில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் திருச்சியில் நல்ல இடம் கிடைத்தது. சமஸ்தான வேலையில் இருந்த உன் தாய்மாமனுக்கும் கிடைத்தது. எனக்குத் திருமயம் தாலுகா ஆபீசில் நகலெடுக்கும் வேலை. ஒத்தை ஆள் என்று அவர் சொன்னது மட்டும் காதில் தங்கிவிட்டது. இரண்டாவது ஆள் எனக்கு வேண்டும். உன் அம்மாவை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் நீ இருந்தாய்.

அந்த வருஷத்து விஜயதசமியன்று உன் தாய்மாமன்தான் தாம்பாளம் கொண்டு வந்தான். மஞ்சள் கலந்த பச்சரிசியை உன் அம்மா பரப்பினாள். உன்னை மடியில் உட்கார்த்தி, உன் வலது கைச் சுட்டுவிரலைப் பிடித்து, என் மொழியின் முதல் எழுத்தை எழுதினேன். என் வரிசையில் நெடில்தான் முதலில். படுத்திருக்கிற நாக்கு, அதற்குமேல் ஒரு கோடு. உன் மாமன் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், நண்டு வளைக்குள்ள போன தடம் மாதிரி இருக்கு? இது எந்த ஊரு அ-னா?" என்றான். "பெரிய படிப்புப் படிச்சவுக, அ-னாவையே மாத்திப்புட்டாக" என்று அவனே சொல்லிக்கொண்டான். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அழிச்சிட்டு அ-னா எழுதுங்க. மொத எழுத்துங்க. புள்ளைக்கு அதுதாங்க கடைசி வரைக்கும் கூட வரும்" என்றாள். "எழுதியாச்சு" என்றேன். முதல் எழுத்து எழுதிய அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் வைக்கவில்லை. அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டுபோய்க் குளத்தில் கொட்டிவிட்டு வந்தாள். எதற்குக் கொட்டினாய் என்று கேட்டு அவளைத் திட்டினேன்.

திருமயத்துக்கு வந்த பிறகு நடந்தவற்றில் பாதி உனக்கே தெரியும். ஆபீசிலிருந்து வந்ததும் சிலேட்டு. நான் உன்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்த மொழியில் உனக்கு ஒரு பெயரும் வைத்தேன், அதை இங்கே எழுத மாட்டேன். ஆறு மாதத்தில் நீ என்னைவிடச் சுத்தமாகப் பேசினாய். பிள்ளை அழகாகப் பேசுவதைப் பார்க்கிற சந்தோஷம் எந்தத் தகப்பனுக்கும் உண்டு. எனக்கு இருந்தது வேறு. தலைமை மொழிபெயர்ப்பாளர் முன்னால் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் செத்துப்போனார். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம். உதடு படாத மொழியில் 'அம்மா' என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு மாற்றுச் சொல்லை நான் செய்யவும் இல்லை. மறந்துபோனேன் என்று உன்னிடம் சொல்லலாம். மறக்கவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

ஒருநாள் காலை நான் ஜமாபந்தி வரிக்கணக்கு வேலையாகக் கிராமங்களுக்குப் புறப்படும்போது, கண்மாய்த் தண்ணீரெல்லாம் எங்கே போனது என்று என் மொழியில் கேட்டாய். வண்டிக்காரன் வாசலில் கத்திக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் திரும்பியபோது உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "புள்ள வாயத் தொறக்கலைங்க. சோறு கேக்கல, தண்ணி கேக்கல. நானா ஊட்டுனா முழுங்குறா. எதிர்த்த வீட்டுக்காரவுக வந்து பாத்துட்டு, மந்திரிக்கணும்னு சொல்லிட்டுப் போறாக" என்றாள். நீ உள்ளே சுவரில் சாய்ந்து, உதட்டைக் கொஞ்சமாகத் திறந்தபடி, நான் விட்டுப்போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உடனே விளங்கியது. வெயில் குடித்துவிட்டது என்று என் மொழியில் சொன்னேன். அடுத்த நொடியே நீ உன் அம்மா பக்கம் திரும்பி, "பசிக்குது" என்றாய், தமிழில். அப்போது எனக்கு வந்தது பெருமை. விதி நிற்கிறது என்ற பெருமை. பதினெட்டு வருஷத்தில் என்னை அதிகம் வெட்கப்படுத்துவது அந்த ஒரு நிமிஷம்தான். உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "அவ கேட்டதுக்கு நான் பதில் சொன்னா ஆகாதாங்க?" என்று கேட்டாள். "ஒனக்கு அது வராது" என்றேன்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில். கோட்டைப் பாறை அனலாகக் காய்ந்து, தெருவில் ஒரு காக்கைகூட இல்லாத நேரம். சிலேட்டில் நீ மூன்று எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தாய். நான் கோபத்தில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எழுந்திருக்கலாமா என்று கேட்டு மூச்சை நிறுத்தினாய். நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. அப்போது யாரோ "எழுந்திரு" என்றார்கள். என் மொழியில். கடைசி அசையை உள்ளே இழுத்து, ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி. நீ சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாய். உன்னைக் கூப்பிட்டு, "யாரு ஒன்னய எந்திரிக்கச் சொன்னது?" என்று கேட்டேன். "நீங்கதானே சொன்னீங்க" என்றாய். "நான் சொல்லல" என்றேன். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வீட்டைச் சுற்றி வந்தேன். கொல்லையில் ஆள் இல்லை, தெருவில் ஆள் இல்லை. உன் அம்மா கூடத்து ஓரத்தில் குனிந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க தேடுறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ ஒன் வேலையப் பாரு" என்றேன்.

மூன்று வாரத்தில் இன்னும் மூன்று முறை அந்தக் குரல் வந்தது. நீ கேட்டு நான் பதில் சொல்லாதபோது மட்டும் வந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாது, மூச்சு உள்ளே போகிற ஓசைக்கு ஆண் பெண் கிடையாது. யார் பேசினாலும் உதடு அசையாது, எங்கிருந்து வருகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறர் திணற வேண்டும் என்று நான் செய்த ஏற்பாட்டில் என் வீட்டுக்குள் நானே திணறினேன். தர்க்கம் படித்தவன், சாமியாடிகளைக் கேலி செய்தவன், ஒரு வெள்ளிக்கிழமை உன்னையும் உன் அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கிராமத்தில் பேயோட்டும் கோடாங்கியிடம் போனேன். அந்த மொழியில் இனிமேல் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று புறப்படும்போதே உனக்கு உத்தரவு போட்டிருந்தேன். வண்டியில் நீ என் பக்கம் திரும்பி, நான் என்ன தப்பு செய்தேன் என்று அதே மொழியில் கேட்டாய். கேட்டு மூச்சை நிறுத்தினாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோடாங்கி உடுக்கை அடித்து, "யாரு நீ? எந்த ஊரு? உச்சிப் பொழுதுல எதுக்கு வந்து பேசுறே?" என்று கேட்டான். நீ வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது. என்னிடம் கேட்டதற்கு விடை வரவில்லையே. அது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "சரியான அழுத்தக்காரி, பேரச் சொல்ல மாட்டேங்குறா" என்று உன் முடியைச் சுற்றிப் பிடித்து வேப்பங்குழையால் அடித்தான். உன் அம்மா குறுக்கே விழுந்தாள். "நாந்தாங்க பேசுனேன்! சத்தியமா நாந்தாங்க, புள்ளய விடச் சொல்லுங்க!" என்று கத்தினாள். கோடாங்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீகளா, இங்கிட்டு அடி விழுந்ததும் ஆத்தாகாரி மேல தாவப் பாக்குது." நானும் அவளிடம், "நீ சும்மா இரு" என்றேன். பேயை நம்பினேன், வடிவு. மூன்றாம் வகுப்பு படித்த பெண்டாட்டிக்கு இருபத்தேழு எழுத்தும் மூன்று விதியும் வந்திருக்கும் என்பதை நம்புவதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது. திரும்பி வரும்போது, "நீதான் பேசுனேன்னு சொன்னியே, இப்பப் பேசு பாப்போம்" என்றேன். அவள் உன் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டாள். பொய்யை ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன். மறுநாள் நீ பேசினாய்; அன்று வண்டியில் நீ கேட்டதற்கு அவள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும், நான் இன்றுதான் சொல்கிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

நோட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பிறகு ஐந்து வருஷம் நம் வீட்டில் எல்லாரும் தமிழில்தான் பேசினோம், அதுவும் தேவைக்கு. மதியம் நான் நினைக்காத நேரத்தில் வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலிருந்து மெல்லிய ஓசை வந்துகொண்டிருக்கும். இடையிடையே மூச்சிழுப்பு. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் நீ ஒரு பக்கம் படித்துக்கொண்டிருப்பாய், அவள் ஒரு பக்கம் வேலையாக இருப்பாள். அது போகவில்லை, வீட்டிலேயே இருக்கிறது என்று எனக்குப் பயம். நாளடைவில் வாசலிலேயே இருமிவிட்டு, கொஞ்சம் நின்று உள்ளே வரப் பழகிக்கொண்டேன். என் வீட்டுக்குள் நுழைய யாரிடமோ அனுமதி கேட்பது போல.

உன் பன்னிரண்டாவது வயதில் காய்ச்சலில் உன் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மாமன் உன்னைக் கொஞ்ச நாளைக்குத் திருச்சிக்கு அழைத்துப் போனான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அடுப்படியில் அடுக்கியிருந்த விறகை எடுத்தேன். பின்னால் சுவரில், கரியால், இடுப்பு உயரத்தில், என் எழுத்துகள். இருபத்தேழும். நாக்கின் வளைவு, புள்ளி, மேல்கோடு, ஒன்றுகூடப் பிசகவில்லை. பல தடவை எழுதி அழித்து எழுதிய தடம். கடைசியில் இருபத்தெட்டாவதாக ஒன்று இருந்தது. அதை நான் செய்யவில்லை. இரண்டு படுக்கைக்கோடு, நடுவில் இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. பார்த்த மாத்திரத்தில் வாயை எப்படி வைக்க வேண்டும் என்று அது காட்டியது. உதட்டை மூடு. அதற்குக் கீழே அந்த எழுத்தை வைத்து ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. என் வாய் தானாக அதைப் படித்தது. அம்மா என்று படித்தது.

அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். ஆறு வருஷம் உழைத்துச் செய்ததில் இருந்த ஓட்டையை அவள் கண்டுபிடித்து, அடைத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்ற ஆத்திரம். அன்றே சுண்ணாம்பு கரைத்து அந்தச் சுவருக்கு மட்டும் என் கையால் மூன்று பூச்சுப் பூசினேன். நீ திரும்பி வரும்போது வெறும் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கெல்லாம் ஆள் வைத்து அடித்தாலும் அந்தச் சுவரை நான்தான் அடிக்கிறேன். உன் அம்மா உனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை உனக்குக் காட்டாமல் மறைத்தேன்.

இந்தப் பொங்கலுக்கு நீங்கள் மூவரும் வந்தீர்கள். மாட்டுப் பொங்கலன்று மதியம் மாப்பிள்ளை கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டார். நீ கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். உன் மகள் அந்தச் சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளைக்கு முன்னால் அடித்த சுவர், சுண்ணாம்பு வாடைகூடப் போகவில்லை. குழந்தை என்னைப் பார்க்கவில்லை. உதடு அசையாமல் என்னவோ சொன்னாள். கடைசி அசை உள்ளே போனது. பிறகு மூச்சை நிறுத்தினாள். நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கோட்டைப் பக்கமிருந்து காற்றுச் சத்தம்கூட இல்லை. குழந்தை சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, என் காலை உரசிக்கொண்டு உன்னிடம் ஓடினாள். சுவரில் அவள் உயரத்துக்குக் கரியால் இரண்டு படுக்கைக்கோடு. இடைவெளி இல்லாமல்.

சாயங்காலம் உன்னிடம் மெதுவாக, "புள்ளைக்கு என்னம்மா சொல்லிக்குடுக்குற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா. அவளா எதையாச்சும் கிறுக்கிக்கிட்டு வெளையாடுவா" என்றாய். "நல்லாப் பேசுறாளா?" என்றேன். "அங்க வாயத் தொறந்தா மூட மாட்டா, எங்க மாமியாருக்கே காது வலிக்கும். இங்க வந்தாத்தான் சத்தம் போடாம இருக்கா" என்று சிரித்தாய். உன் சிரிப்பில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. உன் அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்து, நீ உன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அது ஒரு வகை. இன்னொரு வகையை எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் வகை என்றால் என்னிடம் மறைக்க உனக்கு எல்லா நியாயமும் உண்டு. இந்தக் கடிதம் முழுக்க உன்னிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். என்னிடம் கேட்டுவிட்டு நீ காத்திருந்தது போதும். பதிலுக்கு நான் உன்னைக் காக்கவைக்க மாட்டேன், நீயும் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் கடிதத்தைப் படித்ததும் என் சுட்டுவிரல் மேஜைமேல் தானாக அந்த எழுத்தைப் போட்டது. படுத்த நாக்கு, மேலே ஒரு கோடு. மூன்றாவது ஆள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது வேறு யார் குரலும் இல்லை, என்னுடையதுதான், உதட்டோடு பேசும் என் சொந்தக் குரல். நாற்பத்தெட்டு வயதில், இவ்வளவுக்குப் பிறகும், செத்துப்போன ஒரு மனிதருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு குழந்தையின் விரல் வேண்டியிருக்கிறது. உன் மகளை என் மடியில் உட்கார்த்தினால் நான் என்ன எழுதுவேன் என்று எனக்கே உறுதியில்லை. அதனால்தான் வரமாட்டேன். மாப்பிள்ளையிடம் எனக்கு மூட்டுவலி என்று சொல்லிவிடு. அவளை உன் மடியில் வைத்துக்கொள். விரலை நீயே பிடி. எந்த எழுத்து என்பதை நான் சொல்ல மாட்டேன். 'அ' எழுதினாலும் சரி, உன் அம்மாவின் எழுத்தை எழுதினாலும் சரி. அதன் பிறகு அந்தப் பிள்ளை எந்த மொழியில் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். வேலையாக இருந்தால் இரு என்று சொல். அந்த அரிசியில் பொங்கல் வை.

எழுதி முடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். 'உன் அப்பா' என்று போட்டால் இது அப்பாவின் உத்தரவாகிவிடும். என் உத்தரவு எதையும் நீ மீறியதில்லை. வாயைத் திற என்றால் திறந்தாய், மூடு என்றால் மூடினாய், உன்மேல் வேப்பங்குழை விழும்போதும் என் விதியைக் காப்பாற்றினாய். இதையும் அப்படி நீ நிறைவேற்றிவிடக் கூடாது. இது யாரோ எழுதிய கடிதமாக உன் கைக்கு வரட்டும். பிடித்தால் கேள், பிடிக்காவிட்டால் அடுப்பில் போடு. கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டிவிடுகிறேன். மதிய நேரம்தான், தபாலாபீஸ் திறந்திருக்கும். இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன்.